வாந்தியைத் துடைத்த கையே சட்னி அரைக்க வேண்டுமா?

வீட்டில் ஒருவருக்கு வாந்திபேதி கண்டால் உடனே குற்றவாளியைத் தேடுவோம். பஸ் ஸ்டாண்டு பரோட்டா, கல்யாண வீட்டு ஐஸ்க்ரீம், குழாய்த் தண்ணீர். குழாயைச் சந்தேகப்படுவதில் தப்பில்லை. 2022 ஜூலையில் பக்கத்துக் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியபோது விழுப்புரம், திண்டிவனத்துக்காரர்களான நாமும் பயந்துபோய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தோம்.

ஆனால் பரோட்டா தின்றது பேரன் மட்டும்தானே? இரண்டாம் நாள் அவன் அம்மா, அப்புறம் தாத்தா, பாட்டி என்று வரிசையாகப் படுக்கிறார்களே, அது எந்தக் கடைச் சரக்கு? நோரோ வைரஸ் தொற்றினால் 12 முதல் 48 மணி நேரத்தில் ஆளைப் படுக்க வைத்துவிடும். அதை வீட்டுக்குள் பரிமாறியது நாம்தான்.

வாந்தியைத் துடைப்பவளே, துணியை அலசுபவளே, பத்தாவது நிமிடம் சட்னியும் அரைக்கிறாள். அவளைக் குறை சொல்லவில்லை. ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு "காபி ஆச்சா?" என்று கேட்கும் பென்ஷன்தாரர்களைச் சொல்கிறேன். முப்பது வருஷம் ஆபீஸில் சீட்டு சீட்டாக வேலை பிரித்தவர்களுக்கு இது தெரியாதா? நோயாளிக்கு ஒருவர், அடுப்புக்கு வேறொருவர். கஞ்சி வைக்கப் பட்டம் வேண்டாம். படுத்தவர் தேறிய பிறகும் இரண்டு நாள் சமையல்கட்டுப் பக்கம் போகக்கூடாது.

கொரோனா காலத்து சானிடைசர் இந்த வைரஸிடம் சரியாகச் செல்லுபடியாகாது. சோப்பு, ஓடும் தண்ணீர், 20 விநாடி. வாந்தி விழுந்த தரையில் வெறும் மாப் போட்டால் கிருமியை வீடெல்லாம் பூசுகிறோம். பழைய துணியால் வழித்தெடுத்துவிட்டு, லிட்டருக்கு 15 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஆசிட்டோடு மட்டும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

தனி டம்ளர் வைத்தால் பெரியவர் கோபித்துக்கொள்வாராம். டீக்கடையில் நல்ல உடம்புக்காரனுக்கு ஜாதி பார்த்துத் தனிக் குவளை நீட்டிய ஊர்களில் அப்போது யாரும் கூசவில்லை. நோயாளிக்கு நாலு நாள் வைப்பதில் மட்டும் என்ன மானக்கேடு?

"தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று வாயைக் கட்டுவதையும் விடுங்கள். நம் வயசில் உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் படுத்துவிடும். ஓஆர்எஸ் பாக்கெட்டின் மேல் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால், முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிப்போடக் கூடாது.