ஒன்று எப்படிப் பல ஆகும்?

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணக்குப் புத்தகத்தோடு வந்து கேட்டாள்: “ஓருறுப்புக் கோவையும் பல்லுறுப்புக் கோவைதானாம். ஒன்று எப்படிப்பா பல ஆகும்?” சொல் பற்றிய ஐயம் என்பதால் தமிழாசிரியனான தகப்பனிடம் வந்திருக்கிறாள்.

அவள் கேட்டது நியாயம். குறை பெயரில்தான் இருக்கிறது. ‘பல’ என்னும் எண்ணிக்கையை மேலைநாட்டுப் பெயரே சுமந்திருந்தது. நாம் அதையும் சேர்த்தே பெயர்த்துக்கொண்டோம். உண்மையில் உறுப்புகளின் எண்ணிக்கை இரண்டாம்பட்சமே. மாறியின் அடுக்கு 0, 1, 2 எனக் குறையோ பின்னமோ இல்லாத எண்ணாக இருக்கவேண்டும் என்பதே விதி. (மாறிக்கு அகரத்தையே வைத்துக்கொள்கிறேன், கணக்கு கோபித்துக்கொள்ளாது.) 5அ² தனி உறுப்பாயினும் உள்ளே வரும். அ + 1/அ என்பதில் இரண்டு உறுப்புகள் இருந்தும் அது வெளியேதான் நிற்கும். 1/அ என்பதில் அடுக்கு −1.

நான் வெண்பாவைக் காட்டினேன். ஈரடியானால் குறள் வெண்பா, மூவடியானால் சிந்தியல், நாலடியானால் அளவியல், ஐந்து முதல் பன்னிரண்டு வரை பஃறொடை. அடிக்கணக்கால் பெயர் மாறும். ஆனால் ஒரு பாட்டை வெண்பா ஆக்குவது அடியன்று, வெண்டளை. ஓரிடத்தில் தளை தட்டினாலும் போயிற்று. “அப்போ 1/அ தளை தட்டுது” என்றாள். இதைவிடச் சுருக்கமாக நான் சொல்லியிருக்க முடியாது.

எண்ணுவதிலும் அவசரம் கூடாது. 3அ² + 5அ − 3அ² மூவுறுப்பு போலத் தோன்றும். ஒத்த உறுப்புகளைச் சேர்த்தால் எஞ்சுவது 5அ மட்டுமே. இருபடி என நினைத்தது ஒருபடியாகிவிடுகிறது.

என் ஆதங்கம் வேறு. கோவை, உறுப்பு, கெழு எல்லாம் நம் வீட்டுச் சொற்கள். திருக்கோவையாரின் நானூறு பாடல்களும் துறைவரிசையில் கோக்கப்பட்டவை. எண்ணூற்றிரண்டாம் குறளில் உறுப்பும் கெழுதகைமையும் அடுத்தடுத்து நிற்கின்றன. மாறியோடு கெழுமி நிற்கும் எண்ணுக்குக் கெழு என்று பெயரிட்டவர் தமிழறிந்தவராகத்தான் இருக்கவேண்டும். ஆனால் வகுப்பறையில் இவை பொருளற்ற ஒலிகளாக மனப்பாடம் செய்யப்படுகின்றன. எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறைக்கும் கணிதத்துறைக்கும் இடையே ஒரு சுவர்தான். இருபது ஆண்டுகளில் ஒரு சொல்லைப் பற்றிக்கூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை. குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

“அப்போ வெறும் 0-க்கு என்ன படி?” என்று அடுத்துக் கேட்டாள். விழித்தேன். அதற்குப் படி வரையறுக்கப்படவில்லை என்று மறுநாள் டீச்சரிடம் கேட்டுவந்து அவளே எனக்குச் சொன்னாள்.