படிக்கத் தெரியாட்டியும் பரவாயில்லையாம்!

பழங்கால யூதப் பிரார்த்தனைப் புத்தகங்களை விக்கறவங்க எழுதற விளம்பரங்களைப் படிச்சா கடுப்பு தாங்கல. கபாலா சக்தியாம். ஹீப்ரு தெரியாட்டியும் பரவாயில்லையாம். எழுத்தைக் கண்ணால பார்த்தாலே போதுமாம். முழுப் புத்தகம் கட்டுப்படியாகலேன்னா ஒத்தைத் தாளைக் கிழிச்சு, சட்டம் போட்டும் தர்றாங்க.

யூதர்களோட தினசரி ஜெபப் புத்தகத்துக்குப் பேர் சித்தூர் (ஆந்திராவில இருக்கற ஊர் இல்லீங்க :-)). பண்டிகைக்கு உள்ளது மஹ்ஸோர். 16ம் நூற்றாண்டில கலிலேயா மலைமேல ஸஃபேத்ங்கற ஊர்ல ஐசக் லூரியான்னு ஒருத்தர் இருந்தார். 1572ல, 40 வயசுகூட ஆகாம போய்ச் சேர்ந்துட்டார். அவரா எழுதினது ரொம்பக் கம்மி, சீடர் ஹயிம் வித்தால்தான் எல்லாத்தையும் எழுதி வச்சார். அவங்க வழியில ஜெபத்தோட ஒவ்வொரு சொல்லுக்கும் மனசை நிறுத்த ஓர் இடம் உண்டு. அதுக்குப் பேர் கவனா. நம்ம 'கவனம்' மாதிரியே இருக்கு இல்ல? சம்பந்தம் ஒண்ணும் கிடையாது, ஆனா எனக்கு அப்படித்தான் ஞாபகம் நிக்குது.

ஏமன்ல பிறந்து ஜெருசலேம் போன ஷாலோம் ஷராபி (இறப்பு 1777) வழியில வந்த சித்தூரைப் பாருங்க. பக்கத்துல சொல் கொஞ்சம்தான். அதைச் சுத்தி இறைநாமத்து எழுத்துகள், வேற வேற உயிர்க்குறியோட, வரிசை வரிசையா. அதையெல்லாம் மனசுல ஓட்டி முடிச்சாதான் அடுத்த சொல்லுக்குப் போகலாம். உக்காந்து வேலை செய்யறதுக்கான புத்தகம் அது. அதைப் போய் வரவேற்பறையில மாட்டி வைங்கன்னா?

வியாபாரிக்கும் ஒரு பதில் இருக்கு, மறைக்க மாட்டேன். 1701ல ஆம்ஸ்டர்டாம்ல அச்சான ராஸியேல் தேவதையின் நூல் வீட்டுல இருந்தா தீ அண்டாதுன்னு யூதர்களே நம்பினாங்க. உண்மைதான். ஆனா எதிர்ப்பும் உள்ளேயிருந்தேதான் வந்தது. ஜெபத்துக்கு முன்னால 'லெஷேம் யிஹூத்'னு ஒரு கபாலா வாசகம் சொல்ற வழக்கம் 18ம் நூற்றாண்டுல பரவினப்போ, ப்ராக் நகரத்து ரபி எசக்கியேல் லண்டாவ் காட்டமா எதிர்த்தார். பெரிய ரகசியத்தை எல்லாரும் வாயால உருட்டறாங்கன்னு அவருக்குக் கோபம். வாயால சொன்னதுக்கே இப்படி. சொல்லவே வேண்டாம், பார்த்தா போதும்னா என்ன சொல்லியிருப்பாரோ!

காமர்ஸ் படிக்கறவன் விலையைப் பத்திக் குறை சொல்லலாமான்னு கேப்பீங்க. சொல்றேன். சுமார் 700 வருஷம் முன்னால பவேரியாவில எழுதின லுத்ஸாட்டோ மஹ்ஸோர், 1870லேர்ந்து பாரீஸ்ல அலியான்ஸ் இஸ்ரயெலித் யூனிவர்ஸெல் நூலகத்தில இருந்தது. 2021 அக்டோபர்ல நியூயார்க் சாத்பீஸ் ஏலத்தில 83 லட்சம் டாலருக்குப் போச்சு. பணக் கஷ்டம்னு காரணம். ஆய்வாளர்கள் கத்திப் பார்த்தாங்க, நடக்கல. இருக்கற சொத்தை வித்து இந்த வருஷ ஓட்டையை அடைச்சா, அடுத்த வருஷ ஓட்டைக்கு எதை விப்பீங்க? இதுல வேடிக்கை, அதுக்குப் பேர் குடுத்த சாமுவேல் டேவிட் லுத்ஸாட்டோ கபாலாவையே எதிர்த்துப் புத்தகம் போட்ட ஆள்.

புழங்கிக் கிழிஞ்ச ஜெபப் புத்தகத்தை யூத வழக்கப்படி குப்பையில போடக்கூடாது. தனியா ஒதுக்கி வச்சு, அப்புறம் புதைக்கணும். மனுஷனுக்குச் செய்யற மாதிரி. தாள் தாளா கிழிச்சு விக்கறவங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அதே ஸஃபேத்ல ஷ்லோமோ அல்கபேத்ஸ் எழுதின 'லெகா தோதி'யை இன்னிக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உலகம் பூரா ஜெபக்கூடங்கள்ல பாடறாங்க. கடைசிப் பத்திக்கு எல்லாரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பறாங்க, ஓய்வுநாளை மணப்பெண்ணா வரவேற்க. கையில இருக்கறது முனை மடங்கின சாதாரண அச்சுப் புத்தகம். அதை எவனும் ஏலத்துக்குக் கொண்டு வர மாட்டான்.