இன்சுலின் மீது வீண்பழி
உலக நீரிழிவு நாளான நவம்பர் 14 நெருங்கும் வேளையில், இன்சுலின் குறித்துப் பரப்பிவரும் பிழையான கருத்துகளை ஊடகங்கள் உடனடியாகக் கைவிட வேண்டும். இன்சுலின் ஏற்றத் தொடங்கினால் கண்பார்வை போகும், சிறுநீரகம் பழுதாகும், அது கடைசிக் கட்ட மருந்து என்று மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் இன்றும் அஞ்சுவோர் உண்டு. கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத குருதிச் சீனியே. அச்சத்தால் தள்ளிப்போட்ட ஊசி காலம் கடந்து, பாதிப்பு நேர்ந்த பின் ஏற்றப்படுவதால் பழி மருந்தின் மேல் விழுகிறது. முதலாம் வகை நீரிழிவுள்ள சிறுவருக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிராபத்து நேரும்; 1922இல் டொரொன்டோவில் முதன்முறையாக அது ஏற்றப்படும்வரை அந்நோய்க்கு ஆளான பிள்ளைகள் பிழைப்பது அரிதாகவே இருந்தது. இருந்தும், மூலிகைச் சூரணத்தால் நீரிழிவு அடியோடு குணமாகும் என்னும் விளம்பரங்கள் செய்திபோல் வெளியாகின்றன. 2020இல் கேகாலையில் தயாரான பாணிமருந்தொன்றைக் கொவிட்டுக்குத் தீர்வென ஊடகங்கள் தூக்கிப்பிடித்தபோது, கொள்ளைநோய்க் காலத்திலும் ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டதை நாடு மறக்கவில்லை. எழுத வேண்டியவை வேறு: இன்சுலின் ஏற்றும் மீனவர் இரவுக் கடலில் உணவு தவறினால் சீனி ஆபத்தாகத் தாழும் என்பது; துறைமுக வெயிலில் குப்பியிலுள்ள மருந்து கெடும் என்பது; குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க ஈர மண்பானை கைகொடுக்கும் என்பது. வைத்தியர் பரிசீலிக்காத நீரிழிவுச் செய்தியை எந்த ஆசிரியபீடமும் அச்சேற்றக் கூடாது. வாசகர்கள் விளம்பரத்தை நம்பி ஊசியைத் தாமாக நிறுத்த வேண்டாம். ஐயமிருப்பின் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் கிளினிக்கில் கேளுங்கள்.