நெட் போனா என்ன ஆகும்?

என் அக்கா பிள்ளை போன ஆடி மாசம் வேலையை விட்டான். சோழிங்கநல்லூரில் கண்ணாடி மாளிகை, ஏ.ஸி. பஸ், ஒண்ணாம் தேதி பிறந்தால் டாணென்று சம்பளம். எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, சிநேகிதர்கள் ரெண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு திருவள்ளூரில் என் வீட்டு மாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தான். "ஆடியில யாராவது புதுசா ஆரம்பிப்பாங்களாடா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆடித் தள்ளுபடில வாடகை கம்மிம்மா" என்றான். (வாடகை என்று ஒன்று கொடுத்தால்தானே அதில் தள்ளுபடி!)

முதல் போட்டது அக்கா வீட்டுக்காரர். ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் மூன்று லட்சம். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். "தை பிறக்கறதுக்குள்ள ஒரு கம்பெனியாவது காசு கொடுத்து வாங்கணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டிட்டு மறுபடி வேலைக்குப் போயிடு." அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதுதான் பையனைப் பயமுறுத்தியது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்தான். "மாமா, வெப்சைட்டுக்கு ஆளுங்க வராங்க. ஆனா நிக்க மாட்டேங்கறாங்க. ரெண்டு மாசத்துல அறுநூறு பேர் எட்டிப் பார்த்திருக்காங்க. ஒரு போன் வரலை."

"காட்டு பார்ப்போம்" என்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

பூமி உருண்டை சுற்றியது. நீலமாக ஏதோ கோடுகள் பறந்தன. பிறகு தலையில் ஹெட்போன் மாட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி சிரித்தார். அவர் காலடியில், 'அடுத்த தலைமுறைத் தொழிற்சாலைகளுக்கான ஒருங்கிணைந்த அறிவார்ந்த தீர்வு' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. இன்னும் கீழே, 'உலகெங்கும் 200 வாடிக்கையாளர்கள்.' அமெரிக்கக் கம்பெனித் தலைவர் ஒருவர் போட்டோவோடு பாராட்டியிருந்தார்.

"சரி, நீ என்னடா விக்கறே?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க? லோடு லாரி உள்ளே வரும். எடை மேடையில ஏறும். மொத்த எடை எடுப்போம். சரக்கு இறக்கிட்டு வெளியே போகும்போது வெறும் லாரியை எடை போடுவோம். ரெண்டு தடவையும் காமிரா நாலு பக்கமும் போட்டோ எடுத்து, எடைச் சீட்டுலயே அச்சடிச்சிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி உருட்டும் மில்லில் இருபத்திரண்டு வருஷம் கணக்கெழுதியவன் நான். இரும்பு ஸ்கிராப் லாரி முதல் தடவை மேடை ஏறும்போது டிரைவர், கிளீனர், ஜாக்கி, ஸ்டெப்னி, ஒரு டிரம் தண்ணீர் எல்லாம் உள்ளே இருக்கும். திரும்பிப் போகும்போது ஒன்றும் இருக்காது. வித்தியாசம் முழுக்க நாங்கள் காசு கொடுத்து வாங்கிய 'இரும்பு'! இதற்காக எத்தனை முதலாளிகள் தூக்கம் கெட்டிருக்கிறார்கள் தெரியுமா? அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதை இந்த அம்மாளின் சிரிப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான்.

"இந்த 200 பேர் யாரு?"

தரையைப் பார்த்தான்.

"அமெரிக்காக்காரர்?"

"எல்லாரும் போடறாங்க மாமா..."

வந்த கோபத்தில் அன்று சாயங்கால காபியை நான் குடிக்கவில்லை. (ராத்திரி குடித்தேன்.)

கிரீஷ் மாத்ருபூதம் சமாசாரத்தை அவனுக்குச் சொன்னேன். ஸோஹோவில் நல்ல வேலையை விட்டுவிட்டு 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பித்தவர். கீழ்க்கட்டளையில் சின்ன ஆபீஸ். 2011-ல் வந்த முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. கீழ்க்கட்டளை எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. வெப்சைட்டைப் பார்த்தார்கள், ஓட்டிப் பார்த்தார்கள், வாங்கினார்கள். அதே வருஷம் அமெரிக்கப் போட்டிக் கம்பெனியின் தலைவர் 'இது எங்களைப் பார்த்து அடித்த காப்பி' என்கிற தோரணையில் வசை பாடினார். இவர்கள் பதிலுக்கு வாயால் சண்டை போடவில்லை. 'காப்பியா இல்லையா?' என்று அந்த வசையையே பெயராக வைத்து ஒரு தனி வெப்சைட் போட்டு, அவர் சொன்னதையும் தங்கள் பதிலையும் எல்லார் பார்வைக்கும் வைத்தார்கள். திட்டினவர் புண்ணியத்தில் நல்ல விளம்பரம்! 2021-ல் அந்தக் கம்பெனி நியூயார்க் நாஸ்டாக் பங்குச் சந்தையில் போய் உட்கார்ந்தது.

"அவங்க எங்கே, நான் எங்கே மாமா" என்றான்.

"நீ நாளைக்குக் கும்மிடிப்பூண்டியில. வா."

ரெண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் நாங்கள் கிளம்பிய நேரத்துக்கு நேர் ரயில் இல்லை. சென்னைப் பக்கம் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு வண்டி பிடித்து, பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் பார்த்துவிட்டுப் போனோம். டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் என்கிற நிபுணர் 2000-லேயே எழுதியிருக்கிறார்: ஐந்து பேரை உட்கார வைத்து, உபயோகிக்கச் சொல்லி, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு பார்த்தால் போதும், கோளாறில் பெரும்பகுதி தெரிந்துவிடும் என்று. நாங்கள் பார்த்தது மூன்றே பேரை. முதல் ஆளிடமே மானம் போய்விட்டது.

அவர் எடை மேடை கிளார்க். என் பழைய சிநேகிதர். ஷெட்டுக்குப் பின்னால் தகரக் கூரை ரூம். செல்போனில் வெப்சைட்டைத் திறக்கச் சொன்னேன். பையனிடம், 'வாயைத் திறந்தே, திரும்பிப் போக டிக்கெட் எடுத்துத் தரமாட்டேன்' என்று எச்சரித்திருந்தேன்.

பூமி உருண்டை பாதி வந்து நின்றது. அதற்குள் ரெண்டு லாரியை எடை போட்டு அனுப்பிவிட்டார்.

"இந்த அம்மா யாரு சார்? ஓனரா?"

பையன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"விலை எங்க சார் போட்டிருக்கு?"

விலை போடவில்லை. 'தொடர்பு கொள்ளவும்' என்று இருந்தது. "அப்ப ஜாஸ்தியாத்தான் இருக்கும்" என்றார். தொடர்பு கொள்ளப் போனால் ஒரு ஃபாரம். பெயர், பதவி, கம்பெனியின் ஆண்டு வருமானம் என்று பதினோரு கேள்வி. "என் பொண்ணைப் பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்கலை சார். போன் நம்பர் இல்லையா?" இல்லை.

கடைசியாகக் கேட்டார்: "நெட் போனா என்ன ஆகும்?"

இதற்குமேல் பையனால் அடக்க முடியவில்லை. "நெட் எப்படி சார் போகும்? மொத்த எடையில வெறும் வண்டி எடையைக் கழிச்சா நெட் வெயிட் தானா..."

"அந்த நெட் இல்ல தம்பி. இன்டர்நெட்! மழை பெஞ்சா இங்கே போயிடும். அப்ப சீட்டு வருமா, வராதா? பின்னாடி இருபது லாரி ஹாரன் அடிப்பான்."

"வரும் சார்! நெட் இல்லாமலே ஓடும். அப்புறம் நெட் வந்ததும் தானா ஏத்திக்கும்."

"அதை எங்கே எழுதியிருக்கே?"

எங்கேயும் எழுதவில்லை. அதைச் செய்யத்தான் மூன்று பேரும் மூன்று மாசம் ராத்தூக்கம் விட்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் பையன் பேசவில்லை. மீஞ்சூர் தாண்டினதும் பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தான். மறுநாள் உருண்டை போயிற்று. அம்மாள் போனார். இருநூறு பேரையும் அமெரிக்காக்காரரையும் அவன் கையாலேயே அழித்தான். அழித்தபின் மாடியில் மூன்று பேரும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "இப்ப நம்மகிட்ட ஒண்ணுமே இல்லையே மாமா!"

"இருக்கறதைப் போடு."

போட்டான். தமிழில். மேலே, 'நெட் போனாலும் எடைச் சீட்டு வரும்.' அடுத்து, கேபினில் டிரைவரோடு ஒரு எடை, இல்லாமல் ஒரு எடை, ரெண்டு போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில். மாச வாடகை இவ்வளவு என்று பெரிசாக. 'நாங்கள் மூன்று பேர். இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம். உங்கள் எடை மேடைக்கே வந்து போட்டுத் தருகிறோம். ஒரு மாசம் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் காசு வேண்டாம்.' கீழே செல் நம்பர்.

இதை எழுதும்போது மார்கழி பாதி. ரெண்டு இடத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். இன்னும் காசு கைக்கு வரவில்லை. அக்கா வீட்டுக்காரர் காலண்டரைப் பார்ப்பதும் நிற்கவில்லை. நேற்று ராத்திரி ஒன்பதரைக்குத் தேர்வாய் கண்டிகையிலிருந்து ஒரு போன். எடுத்த எடுப்பில், "தம்பி, அந்தக் காமிரா டிரைவருக்குத் தெரியற மாதிரி இருக்குமா, தெரியாத மாதிரியா?" என்று கேட்டாராம். வாங்குகிற ஆள் கேட்கிற கேள்வி அது. காலையில் முதல் பஸ்ஸில் பையன் கிளம்பிவிட்டான்.

எடை மேடை சிநேகிதரும் போன் பண்ணினார். புது வெப்சைட் சட்டென்று திறக்கிறதாம், எல்லாம் புரிகிறதாம். "ஆனா ஒண்ணு சார்..." என்று இழுத்தார்.

"சொல்லுங்க."

"அந்த அம்மாவை ஏன் எடுத்துட்டீங்க?"