கிரீஸ் கையும் கையெழுத்தும்



போன ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் பெருமாள் கோயில்ல அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவிக்கிட்டு இருந்தேன். தெரிஞ்ச அக்கா ஒருத்தர் வந்து, "தம்பி, பையனுக்கு என்எஸ்ல வண்டி ரிப்பேர் வேலை போட்டுட்டாங்க. ஆபீசர் ஆவான்னு நினைச்சேன். வெளியே சொல்லவே ஒரு மாதிரியா இருக்கு"ன்னாங்க. அங்க நின்னு பேச நேரமில்லை. அதான் இங்க எழுதுறேன்.

நானும் என்எஸ்ல அந்த வேலைதான் பார்த்தேன்க்கா. எம்113 கவச வண்டி, 10 டன்னுக்கு மேல எடை. இரும்பு ட்ராக்கைக் கழட்டி மாட்டினா சாயங்காலம் இடுப்பு நிமிராது. நகத்துக்குள்ள போன கிரீஸ் கல்யாண வீட்டுக்கும் கூடவே வரும்.

நம்ம ராணுவத்தோட முதல் டாங்கி ஏஎம்எக்ஸ்-13. 1969 தேசிய தின அணிவகுப்புல ஓடினது. அதுல இருந்தது பெட்ரோல் இன்ஜின். பெட்ரோல் சீக்கிரம் தீப்பிடிக்கும், டீசல் அப்படி இல்லை. எண்பதுகள்ல சிங்கப்பூர் ஆட்டோமோட்டிவ் இன்ஜினியரிங் அதைக் கழட்டிட்டு டீசல் இன்ஜின் வச்சு, கியர்பாக்ஸ், சஸ்பென்ஷனையும் மாத்தி, எஸ்எம்1 ஆக்குனாங்க. பழைய டாங்கி இன்னும் பல வருஷம் ஓடுச்சு. ஓட வச்சது யாரு? கிரீஸ் கைதான்.

இப்ப இருக்கிற லெப்பர்ட் 2 டாங்கி அதைவிடப் பல மடங்கு கனம். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து ஒண்ணா கிரேன்ல தூக்கிடலாம். வசதி கூடிடுச்சு, பொறுப்பு குறையலை.

ஒரு நாள் வேலை முடிஞ்சு டூல்ஸ் எண்ணினா ஒரு ஸ்பானர் குறையுது. வண்டி மறுநாள் காலையில பயிற்சிக்குப் போகணும். "எங்கயாவது கிடக்கும், கையெழுத்து போடு"ன்னு கூட இருந்தவன் சொன்னான். எனக்கும் வீட்டுக்குப் போற அவசரம். பேனாவைக்கூட எடுத்துட்டேன். சார்ஜன்ட் விடலை. திரும்பத் திறந்து பார்த்தா, ஃபேன் பக்கத்துல கிடக்குது. அப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த வண்டிக்குள்ள உட்காரப் போறதும் யாரோ ஒரு அம்மா பெத்த பிள்ளைங்கதானே.

இன்னைக்கு நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். "முதல்ல சைன் பண்ணு, அப்புறம் பார்த்துக்கலாம்"ங்கிற பேச்சு எல்லா இடத்துலயும் வரும். சரியா இல்லாத மெஷினுக்கு நான் கையெழுத்து போடுறதில்லை. அது அந்த ஸ்பானர் சொல்லிக்கொடுத்த பாடம்.

என் கருத்து இதுதான். ஆபீசர் "கிளம்பு"ன்னு உத்தரவு போடலாம். ஆனா "இந்த வண்டி இன்னைக்குக் கிளம்பக் கூடாது"ன்னு தெரிஞ்சு சொல்ல வேண்டியவன் மெக்கானிக். அந்தப் பையனை நாமளே கீழா நினைச்சா, அவன் எப்படித் தைரியமா வாயைத் திறப்பான்?

ஆயுத பூஜைக்கு ஸ்பானருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அதைப் பிடிக்கிற கைக்கும் மரியாதை கொடுப்போம். அக்கா, பையன் லீவுல வந்தா கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க. கிரீஸ் கையோட வந்தாலும் பரவாயில்லை.