எந்தக் கலம், யாருடைய கலம்?

மலேரியா இலங்கையை விட்டு நீங்கியதாக உலகச் சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாயிலும் மூதூரிலும் தலைமுறைகளாக அந்தக் காய்ச்சலில் உழன்ற உலர்வலய மக்களின் இரத்தத்தில் அதன் சுவடு இன்னும் இருக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை. அதனால் காய்ச்சல் இருந்த பல இடங்களில் அந்த மரபணு தங்கிவிட்டது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று அது பார்க்கவில்லை. தாயும் தந்தையும் சுமப்பவர்களானால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டும். உடலில் தேங்கும் இரும்பை வெளியேற்ற வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும். இதைக் குணமாக்க நீண்டகாலமாக நிரூபணமான வழி குருத்தணு மாற்றுதான். அப்படியிருக்க, குருத்தணுவின் பெயரால் விற்கப்படுவதையும் குருத்தணு உண்மையில் செய்வதையும் நம்மவர்கள் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

குருத்தணு என்பது வேறு கலங்களை உண்டாக்கக்கூடிய கலம். குருத்தணுக்கள் எல்லாம் ஒரே வகையல்ல. 1998இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தொம்சன் மனிதக் கருவிலிருந்து பிரித்து வளர்த்தவை உடலின் எந்த இழையமாகவும் மாறக்கூடியவை. அந்த ஆற்றலாலேயே உடலுக்குள் கட்டியாகவும் வளரக்கூடியவை. ஜப்பானின் யமனாகா 2006இல் எலியின் தோல் கலத்தைப் பின்னோக்கித் திருப்பி, கருக்கலம் போலாக்கினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். இவ்விரண்டும் பெரும்பாலும் ஆய்வுகூடத்திலும் மருத்துவச் சோதனையிலும்தான் இருக்கின்றன. வளர்ந்த உடலிலுள்ள குருத்தணுக்களோ எல்லைக்குட்பட்ட வேலை செய்பவை. என்பு மச்சையில் உள்ளவை செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு ஆகியவற்றை ஓயாமல் உண்டாக்குகின்றன. மூளையையோ முண்ணாணையோ உண்டாக்குவதில்லை. அமெரிக்க மருத்துவர் டொனல் தோமஸுக்கு 1990இல் நோபல் பரிசு தந்ததும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1986இல் தலசீமியாப் பிள்ளைக்குச் செய்ததும் இந்த மச்சை மாற்றுத்தான். அது ஈட்டிய பெயரைக் காட்டித்தான் ஓட்டிசத்துக்கும் வாதத்துக்கும் குருத்தணு ஊசி விற்கிறார்கள்.

'சொந்தக் கலம்தானே, என்ன கெட்டுவிடும்?' என்று கேட்பார்கள். புளோரிடாவில் மூன்று பெண்கள் தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைக் கண்ணில் ஏற்றிப் பார்வை இழந்தது 2017இல் மருத்துவ இதழில் வெளியானது. கர்ப்பிணிகளிடம் பேசப்படும் தொப்புள்கொடி இரத்தச் சேமிப்பையும் இதே கேள்வியால் சோதிக்கலாம். தலசீமியாவோடு பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடியிலும் அதே பிழை இருக்கிறது; அதை அப்படியே திருப்பி ஏற்றிப் பயனில்லை. பிரித்தானியா 2023 நவம்பரில் தலசீமியாவுக்கும் அனுமதித்த மரபணுத் திருத்த சிகிச்சை நோயாளியின் சொந்தக் கலங்களைப் பயன்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அவை சிகிச்சையின்போது அவரிடமிருந்தே எடுக்கப்படுபவை. அதற்குப் பிறப்பில் உறையவைத்த பை தேவையில்லை. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர்.

ஆகவே பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது பிறருடைய கலம். உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். குடும்பங்கள் சிறுத்துவரும் காலத்தில் அதுவும் அருகுகிறது. வெளியே தேடினால், பொருத்தத்தைத் தீர்மானிக்கும் அடையாளங்கள் பரம்பரையாக வருபவை என்பதால் நம்மவர்கள் நம்மவர்களிடமே தேட வேண்டும். சென்னையில் தாத்ரி என்ற மச்சைக் கொடையாளர் பதிவேடு 2009இல் தொடங்கியது அதனால்தான். இலங்கையிலோ, மருத்துவர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான இயக்கத்தால் உலகுக்கே விழிவெண்படலம் அனுப்பிய நாட்டுக்குக் கொடை புதிதல்ல. மாற்றுச் சிகிச்சை ஏழைகளுக்கு எட்டாது என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் சுமப்பவரைக் கண்டறிந்து நோயைத் தடுக்கும் இரத்தப் பரிசோதனை அதற்கும் முந்தியது. அந்தப் பரிசோதனையால் பெண்பிள்ளையின் கலியாணம் குழம்பும் என்று அஞ்சுவோர் உண்டு. பேச்சு முற்றிய பின் பெண்ணை மட்டும் சோதித்தால் குழம்பத்தான் செய்யும். உயர்தர வகுப்பிலேயே ஆண், பெண் எல்லோருக்கும் சோதித்துவிட்டால் யாரையும் தனியே சுட்ட இடமிருக்காது. ஒற்றையாகச் சுமப்பவர் சுகதேகிதான். திருகோணமலையில் நடக்கும் இரத்ததான முகாம்களிலேயே, விரும்பும் இளைஞரின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து மச்சைக் கொடையாளர் பதிவையும் தொடங்கலாம்.