விலகி நிற்கும் எண்ணை அழிக்காதீர்கள்



தனி ஊசல் சோதனையை உங்களில் பலர் செய்திருப்பீர்கள். வெவ்வேறு நீளங்களுக்கு அலைவு நேரத்தைக் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறோம். நான்கு அளவீடுகள் 9.8-ஐ ஒட்டி வருகின்றன. ஐந்தாவது மட்டும் 10.9 என்று வந்து நிற்கிறது. உடனே அழிரப்பர் வெளியே வரும். பக்கத்து மேசைக்காரரின் எண் அந்த இடத்தில் ஏறிவிடும். ரிக்கார்டு நோட்டு அழகாக இருக்கும், மதிப்பெண்ணும் குறையாது. இதற்கு மாணவரைக் குறை சொல்ல மாட்டேன். விடைக்கு மட்டும் மதிப்பெண் போடும் முறைதான் இதைக் கற்றுக்கொடுக்கிறது.

இப்படி விலகி நிற்கும் எண்களையே தேடிச் சென்ற இரு இளைஞர்களின் கதையைக் கேளுங்கள்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் என்னும் சுரப்பி இருக்கிறது. முதுமையில் அதில் புற்றுநோய் தோன்றுவதுண்டு. எந்த மரபணு அதற்குக் காரணம் என்று அறிய, நோயாளிகளின் சராசரியை நலமானவர்களின் சராசரியோடு ஒப்பிடுவதே வழக்கமாக இருந்தது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேரிடம் ஒரு மரபணுவின் அளவு 2, ஒருவரிடம் மட்டும் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 5.8. அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடப் பொருந்தாத எண் இது! ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு நடுவே இந்த 5.8 யார் கண்ணிலும் படாது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் என்பவரின் ஆய்வகத்தில் ஸ்காட் டாம்லின்ஸ், டேனியல் ரோட்ஸ் என்ற இரு மாணவர்கள் இருந்தனர். அவர்கள் சராசரியைத் தள்ளிவைத்துவிட்டு, சிலரிடம் மட்டும் எகிறி நிற்கும் மரபணுக்களைக் கணினியில் தேடினர். ஈ.ஆர்.ஜி., ஈ.டி.வி.1 என்ற இரண்டு மரபணுக்கள் அகப்பட்டன. ஏன் எகிறின என்று துருவிப் பார்த்தபோது, ஆண் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு இயங்கும் வேறொரு மரபணுவின் தொடக்கப் பகுதி இவற்றோடு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. தெருவிளக்கின் சுவிட்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு மாற்றி இணைத்துவிட்டால், மாலைதோறும் கேட்பாரின்றி மோட்டார் ஓடுமல்லவா? அதுபோலத்தான். அவர்கள் சோதித்த 29 கட்டிகளில் 23-இல் இத்தகைய மாற்றம் இருந்தது. இவ்வகை ஒட்டுதல் பெரும்பாலும் இரத்தப் புற்றுநோய்களுக்கே உரியது என்று அதுவரை கருதி வந்தார்கள். 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அந்தக் கட்டுரையின் முதல் பெயர் பேராசிரியருடையது அன்று, மாணவர் டாம்லின்ஸுடையது.

சின்னையனும் ஒரு காலத்தில் மாணவராக இருந்தவர்தானே! அதே பல்கலைக்கழகத்தில், கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான விஷ்வ தீட்சித்திடம் பயின்றார். செல்லுக்கு "மடிந்துபோ" என்ற கட்டளையைக் கடத்தும் புரதம் ஒன்றை 1995-இல் வெளியிட்ட கட்டுரையில், மாணவரான சின்னையனின் பெயரே முதலில் இருந்தது. தமக்குக் கிடைத்ததை அவர் தம் மாணவருக்குக் கொடுத்தார் என்றே நான் எண்ணுகிறேன்.

எங்கள் மேட்டுப்பாளையத்து மலை ரயிலில் வந்திருக்கிறீர்களா? குன்னூர் வரை ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். கல்லாறு தாண்டியதும் அதன் பற்சக்கரம் தண்டவாளங்களின் நடுவிலுள்ள பற்களைக் கவ்விக்கொண்டு, வண்டி பின்னுக்கு நழுவாமல் காக்கும். முன்பெட்டியின் மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் பாதையை முதலில் பார்ப்பவர். நல்ல ஆய்வு வழிகாட்டியின் இடம் அந்த எஞ்சினின் இடமே. நம் நாட்டில் பல இடங்களில் எஞ்சின் முன்னால் நின்று வழியை மறைக்கிறது. பேராசிரியர் எதிர்பார்க்கும் விடையைக் கொண்டுவந்து கொடுப்பதே இளம் ஆய்வாளரின் வேலை என்றாகிவிடுகிறது. கருவி வாங்கப் பணம் இல்லை என்று வருந்துகிறோம். எனக்கு அதைவிட இதுதான் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

எல்லா இடமும் அப்படி என்று சொல்லவில்லை. சின்னையனின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற புஷ்ரா அத்தீக் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்து, புராஸ்டேட் புற்றுநோயில் தம் மாணவர்களோடு ஆராய்ச்சி செய்தார். 2020-இல் சாந்தி சொரூப் பட்நாகர் விருது பெற்றார். அவர் ஆராயும் 'ஸ்பிங்க்1' என்ற மரபணுவும் விலகிய எண்களைத் தேடும் அதே முறையில் அகப்பட்டதுதான்.

இத்தகையோர் இங்கே இன்னும் பலர் தேவை. அந்த மரபணு ஒட்டுதல் ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் உள்ளது. ஆசியர்களிடம் அதன் விகிதம் குறைவு. அப்படியானால் மற்றவர்களின் நோய் எங்கே தொடங்குகிறது? வெளிநாட்டார் தம் நோயாளிகளிடம் கண்டதை வைத்து நம் ஊர்ப் பெரியவர்களின் நோயை முழுதும் அறிந்துவிட முடியாது. இங்குள்ள கட்டிகளை இங்குள்ளவர்கள் ஆராய வேண்டும். உயிரியல் படித்தவர்கள் மட்டும் போதாது. எண்களோடு பழகிய இயற்பியல், கணித மாணவர்களுக்கும் அங்கே வேலை நிறைய இருக்கிறது.

உங்களில் சிலர் பத்து ஆண்டுகளில் ஆராய்ச்சிக்கு இடம் தேடுவீர்கள். அந்த ஆய்வகத்தில் என்னென்ன கருவிகள் உள்ளன என்று கேட்பதற்கு முன்பு, அங்கே ஏற்கெனவே பணிபுரியும் மாணவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய் ஒன்று கேளுங்கள்: "எதிர்பாராத எண் வந்தால் உங்கள் பேராசிரியர் என்ன சொல்வார்?"